யிவூ: ஓராண்டுக் கெடுவில் ஒரு வாழ்க்கை

சீனா என்றதும் நம்மில் பலருக்கு ஷாங்காயின் வானளாவிய கட்டடங்களும் பெய்ஜிங்கின் பழைய அரண்மனையும் நினைவுக்கு வரும். சென்னை பாரிமுனையில் தலைப்பின், பிளாஸ்டிக் பூ, சீரியல் விளக்கு, கைப்பை என்று மொத்த வியாபாரம் செய்பவர்களைக் கேட்டால், அவர்கள் முதலில் சொல்லும் ஊர் யிவூவாக இருக்கும். ஜெஜியாங் மாகாணத்தின் நடுப்பகுதியில், ஷாங்காயிலிருந்து அதிவேக ரயிலில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் வந்து சேரக்கூடிய ஊர் இது. நிர்வாகக் கணக்கில் ஜின்ஹுவா மாநகரத்துக்குக் கீழே வரும் ஒரு மாவட்ட நிலை நகரம்தான் என்றாலும், மாலையில் கடைத்தெருவில் நடந்தால் அரபியும் பாரசீகமும் இந்தியும் பிரெஞ்சும் காதில் விழும். இந்திய வணிகர்களுக்காகச் சரக்கைத் தேடி, விலை பேசி, தரம் பார்த்து, கண்டெய்னரில் ஏற்றி அனுப்பும் ஒரு நிறுவனத்தில் நான் இங்கே பல ஆண்டுகளாக வேலை பார்த்து வருகிறேன். வெளிநாட்டவராக இந்த ஊரில் வாழ்வது எப்படி இருக்கிறது என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: எங்கள் கையிலிருக்கும் தாள்கள் பெரும்பாலும் ஓராண்டுக்குத்தான் செல்லும், எங்கள் தொழிலோ பல ஆண்டுப் பழக்கம் இருந்தால்தான் நடக்கும். இந்த இரண்டு கணக்குகளையும் ஒருசேரச் சுமந்துகொண்டுதான் இங்குள்ள வெளிநாட்டவர்கள் நாளைக் கடத்துகிறார்கள்.

இந்த ஊரின் பழைய கதை தெரியாமல் இங்குள்ள மனிதர்களைப் புரிந்துகொள்ள முடியாது. யிவூ மண் வளம் குறைந்த பகுதி. அறுவடை முடிந்த குளிர்காலத்தில் இங்குள்ள விவசாயிகள் தோள்கம்பின் இரு முனையிலும் கூடைகளைத் தொங்கவிட்டு, கையில் சிறிய கிலுகிலுப்பை மேளத்தை ஆட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவார்கள். கரும்புச் சர்க்கரையில் செய்த மிட்டாயைக் கொடுத்துவிட்டுக் கோழி இறகுகளை வாங்கி வருவார்கள். நல்ல இறகு தூசி தட்டும் துடைப்பத்துக்குப் போகும். மிச்சம் வயலுக்கு உரமாகும். ‘பழைய ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்’ என்று கூவிக்கொண்டு வந்தவர்களைத் தெருவில் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. தனியார் வணிகத்தை அரசு தடுத்து வைத்திருந்த காலத்திலும் இது ஓசைப்படாமல் நடந்துகொண்டுதான் இருந்தது. 1982இல் இங்கே கட்சிச் செயலாளராக வந்த ஷியே காவ்ஹுவாவை ஃபெங் ஐசியன் என்ற தெருவோர வியாபாரப் பெண் வழிமறித்து, எங்களை ஏன் பிழைக்க விடாமல் துரத்துகிறீர்கள் என்று கேட்டதாகவும், அவர் அதைக் காதுகொடுத்துக் கேட்டதாகவும் இந்த ஊரில் சொல்லாதவர்கள் இல்லை. அதே ஆண்டு செப்டம்பரில், தம் பதவிக்கு ஆபத்து வரலாம் என்று தெரிந்தும், அவர் சந்தையைத் திறக்க அனுமதித்தார். சிமெண்டுப் பலகைகளின் மேல் சரக்கைப் பரப்பிய அந்தச் சந்தைதான் இன்று ஐந்து பெரும் பிரிவுகளும் ஏறத்தாழ 75,000 கடைகளும் கொண்ட பன்னாட்டு வணிக நகரமாக நிற்கிறது. ஆறாவது பிரிவாக உலக எண்ணிம வணிக மையம் 2025 அக்டோபரில் திறக்கப்பட்டது.

கடைகள் என்று எழுதினாலும் அவை மூன்று பக்கமும் அடுக்குகள் வைத்த சிறிய அறைகள். முதல் பிரிவின் தரைத்தளத்தில் செயற்கைப் பூக்களும் பொம்மைகளும். அதன் மேல்தளத்தில் தலையலங்காரப் பொருள்களும் கவரிங் நகைகளும். இரண்டாம் பிரிவில் பைகள், குடைகள், பூட்டுகள், கருவிகள். நான்காம் பிரிவில் காலுறைகள், துண்டுகள், தொப்பிகள். ஒரே வகைச் சரக்கை விற்கும் நூற்றுக்கணக்கான கடைகள் அடுத்தடுத்து இருப்பதால், ஒரு தளத்தைப் பொறுமையாகப் பார்த்து முடிக்கவே நாள் போதாது. எங்கள் வேலை காலை ஒன்பது மணிக்கு, ஒரு கடையின் குட்டி முக்காலியில் உட்கார்ந்து, மாதிரியைக் கையில் எடுத்து, ஒரு பெட்டிக்கு எத்தனை டஜன், பெட்டி எத்தனை சிபிஎம் (கன மீட்டர்), எத்தனை நாளில் சரக்கு தயாராகும் என்று கேட்டுக் குறித்துக்கொள்வதில் தொடங்கும். விலையைக் கடைக்காரர் கால்குலேட்டரில் அடித்து நீட்டுவார். வணிகர் அதே கால்குலேட்டரில் தம் விலையை அடித்துத் திருப்பி நீட்டுவார். பதினொன்றரை மணிக்கெல்லாம் சாப்பாட்டுப் பெட்டிகள் வந்துவிடும். சாப்பிட்டதும் பல கடைக்காரர்கள் மடக்குக் கட்டிலை விரித்து அரை மணி நேரம் கண்ணயர்வார்கள். அந்த நேரத்தில் விலை பேசப் போவது மரியாதை இல்லை. நான்கு மணிக்கு மேல் பள்ளிவிட்டு வரும் பிள்ளைகள் சரக்குப் பெட்டியின் மேல் நோட்டை வைத்து வீட்டுப்பாடம் எழுதுவார்கள். நான் முதலில் வந்தபோது அப்படி எழுதிக்கொண்டிருந்த ஒரு சிறுமி இப்போது ஹாங்ஜோவில் கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு, அம்மாவின் கடைக்காக இணையத்தில் நேரலை விற்பனை செய்கிறாள்.

அந்தச் சிறுமியின் அம்மாவை நான் ‘ஜியே’ என்று, அதாவது அக்கா முறை வைத்துத்தான் அழைப்பேன். அவர் தலைப்பின் விற்பவர். சென்னையிலிருந்து எங்களிடம் சரக்கு எடுக்கும் அண்ணாச்சி ஒருவர் ஒருமுறை தொலைபேசியில், “தம்பி, போன தடவை வந்த கிளிப்புல ஸ்பிரிங் லூசா இருக்குன்னு சில்லறைக் கடைக்காரங்க திருப்பி அனுப்புறாங்க” என்றார். திரும்பி வந்த கிளிப்புகளின் படத்தை மட்டும்தான் நான் அந்த அக்காவுக்கு அனுப்பினேன். மறுநாள் காலை அவர் தொழிற்சாலைக்குப் போய், அந்தத் தொகுப்பில் மிஞ்சியிருந்த கிளிப்புகளைத் தாமே திறந்து மூடிப் பார்த்துவிட்டு, அடுத்த ஆர்டரில் அதே எண்ணிக்கையை விலையில்லாமல் சேர்த்து அனுப்பினார். ஒப்பந்தத் தாளில் அதற்கு இடமே கிடையாது. மூன்று படியாகக் கார்பன் வைத்து எழுதும் ஆர்டர் சீட்டில் சரக்கு எண்ணும் விலையும் கெடு நாளும் இருக்குமே தவிர, ஸ்பிரிங் தளர்ந்தால் யார் பொறுப்பு என்று இருக்காது. இந்த வகையான நேர்மை பல ஆண்டுகள் கூடவே இருந்து பார்த்தவர்களுக்கு மட்டும்தான் தெரியவரும். சீனச் சரக்கு என்றாலே மட்டம் என்று நம் ஊரில் பேசும்போதெல்லாம் எனக்கு அந்த அக்காவின் நினைவு வருகிறது. மட்டமான சரக்கு வருவதற்கு, அதைவிடக் குறைந்த விலைக்கு வேண்டும் என்று முக்காலியில் உட்கார்ந்து பேரம் பேசிய நம் ஆள் ஒருவர் இருந்திருப்பார் என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

இனித் தாள்களுக்கு வருகிறேன். சீனாவில் வேலை பார்க்க வருபவர், வேலை அனுமதிக்கான அறிவிப்புக் கடிதத்தை நிறுவனம் வாங்கி அனுப்பிய பிறகு, இசட் விசாவில் வர வேண்டும். வந்து 30 நாள்களுக்குள் குடிவரவு அலுவலகத்தில் வசிப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். 2017 ஏப்ரல் முதல் வெளிநாட்டுப் பணியாளர்களை ஏ, பி, சி என்று மூன்று வகையாகப் பிரித்திருக்கிறார்கள். எங்களைப் போன்றவர்கள் பெரும்பாலும் பி வகையில் வருவோம். அதற்குப் பட்டப் படிப்பும் இரண்டு ஆண்டுப் பணி அனுபவமும் காவல்துறை நன்னடத்தைச் சான்றும் தேவை. சட்டப்படி வசிப்பு அனுமதியை ஐந்து ஆண்டு வரை தரலாம் என்றாலும், சிறிய வணிக நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்களுக்குக் கைக்கு வருவது பெரும்பாலும் ஓராண்டுதான். அந்த ஓராண்டும் அந்த நிறுவனத்தோடு கட்டுண்டது. வேலை மாறினால் அனுமதியையும் மாற்ற வேண்டும். புதுப்பிக்கும் நாள்களில் நம் கடவுச்சீட்டு குடிவரவு அலுவலகத்தில் இருக்கும். அதற்குப் பதிலாகப் புகைப்படம் ஒட்டிய ஒரு சீட்டு நம் கையில் இருக்கும். அந்த நாள்களில் ஊரில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்று செய்தி வந்துவிடக் கூடாதே என்ற வேண்டுதல் எல்லோர் மனத்திலும் இருக்கும்.

இதோடு, எங்கே தங்கினாலும் 24 மணி நேரத்துக்குள் அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் பதிவு செய்ய வேண்டும். ஓட்டலில் தங்கினால் ஓட்டல்காரர் செய்துவிடுவார்; வாடகை வீட்டில் இருப்பவர்கள் தாமே செய்ய வேண்டும். புது வீட்டுக்குக் குடிபோனாலோ புது விசாவில் நாட்டுக்குள் வந்தாலோ முதல் வேலை அதுதான். பதிவு செய்யாவிட்டால் 2,000 யுவான் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. யிவூவில் இந்த வேலைகள் மற்ற ஊர்களைவிட விரைவாக முடியும் என்பதை நான் மனமாரச் சொல்ல வேண்டும். நாள்தோறும் வெளிநாட்டவர்களைப் பார்க்கும் அலுவலர்கள் என்பதால் யாரையும் வியப்பாகவோ ஐயமாகவோ பார்ப்பதில்லை. தாள் சரியாக இருந்தால் வேலை முடிந்தது, இல்லையென்றால் எந்தத் தாள் குறைகிறது என்று எழுதிக் கொடுத்து அனுப்புவார்கள்.

தமிழர்களுக்கென்றே ஒரு தனிச் சிக்கல் உண்டு, அது பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஒருவர் கடவுச்சீட்டில் குடும்பப் பெயருக்கான இடம் காலியாக இருக்கும். இன்னொருவர் கடவுச்சீட்டில் அங்கே அப்பா பெயர் இருக்கும். வேறொருவருக்கு முழுப் பெயரும் ஒரே நீட்டில் ஒரே இடத்தில் இருக்கும். இரண்டு மூன்று எழுத்துகளில் பெயர் முடிந்துவிடும் நாட்டில் அமைந்த கணினிப் படிவங்களுக்கு இருபத்தைந்து எழுத்துப் பெயர் பெரிய சுமை. வங்கியில் ஓர் அலுவலர் இடைவெளி விட்டுப் பதிவார். செல்பேசி நிறுவனத்தில் இன்னொருவர் இடைவெளி இல்லாமல் பதிவார். ஓரிடத்தில் அப்பா பெயர் முன்னால், இன்னோரிடத்தில் பின்னால். இங்கே வங்கிக் கணக்கு, செல்பேசி எண், பணம் செலுத்தும் செயலிகளான வீச்சாட், அலிபே நான்கும் ஒரே பெயரில் ஒத்துப்போனால்தான் பணம் நகரும். காய்கறிக் கடையிலிருந்து கோயில் உண்டியல் வரை கியூஆர் குறியீட்டை வருடிப் பணம் கொடுக்கும் நாட்டில், பெயரில் ஓர் இடைவெளி பிசகினால் ஒருவர் கையில் பணம் இருந்தும் இல்லாதவர் ஆகிவிடுவார். 2023 முதல் வெளிநாட்டு வங்கி அட்டைகளையும் அலிபேயிலும் வீச்சாட்டிலும் இணைக்க வழி செய்ததும், ஒரு பரிவர்த்தனைக்கான உச்சவரம்பை 2024இல் 1,000 டாலரிலிருந்து 5,000 டாலராக உயர்த்தியதும் சரக்கெடுக்க வந்து போகும் வணிகர்களுக்குப் பெரிய உதவி. ஆனால் இங்கேயே தங்கிச் சம்பளம் வாங்குபவர்களுக்கு வங்கிக் கணக்கு இல்லாமல் முடியாது. அதனால் புதிதாக வரும் நம் பிள்ளைகளிடம் நான் சொல்வது: முதன்முதலில் வங்கியில் எப்படிப் பதிந்தார்களோ, அதைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு போகும் ஒவ்வோர் இடத்திலும் அதைக் காட்டி அப்படியே பதியச் சொல்லுங்கள்.

வீட்டோடு பேசுவதில் உள்ள துன்பத்தை வெளியே இருப்பவர்கள் எளிதில் உணர மாட்டார்கள். சீனாவில் வாட்ஸ்அப் 2017இலிருந்து முடக்கப்பட்டிருக்கிறது. சீனாவில் எல்லோரும் பயன்படுத்தும் வீச்சாட்டை இந்திய அரசு 2020 ஜூன் 29 அன்று 59 செயலிகளில் ஒன்றாகத் தடை செய்தது. அதாவது அம்மாவின் செல்பேசியில் இருப்பது இங்கே இயங்காது; என் செல்பேசியில் இருப்பது அங்கே இயங்காது. இரண்டு அரசுகளுக்கும் தம் தம் காரணங்கள் இருக்கலாம். ஆனால் அந்த முடிவுகள் வந்து விழுந்த இடம், இரவு சாப்பாட்டுக்குப் பின் பேரப்பிள்ளையின் முகத்தைப் பார்க்கக் காத்திருக்கும் ஒரு பாட்டியின் கை. பலர் இந்தியச் சிம்மை ரோமிங்கில் உயிரோடு வைத்திருக்கிறார்கள். அதன் இணையம் சொந்த நாட்டு நிறுவனத்தின் வழியாகப் போவதால் வாட்ஸ்அப் கிடைக்கும், ஆனால் செலவு கூடுதல். முடக்கத்தைத் தாண்ட உதவும் விபிஎன்னை நம்பி இருப்பவர்களுக்கு, பெரிய அரசியல் மாநாடு நடக்கும் நாள்களில் இணைப்பு நின்றுபோகும் என்பது தெரியும். அந்த வாரங்களில் நாங்கள் பழைய வழக்கப்படி பன்னாட்டு அழைப்பில் குரலை மட்டும் கேட்டுக்கொள்வோம். இரண்டரை மணி நேரம் இந்தியா பின்னால் இருப்பதால், அம்மா தொடர் பார்த்து முடிக்கும்போது இங்கே நள்ளிரவை நெருங்கிவிடும்.

கடனும் நம்பிக்கையும் இந்த ஊரின் உயிர் என்பதால், அது முறிந்த கதையையும் மறைக்காமல் எழுத வேண்டும். வழக்கமாக ஆர்டரின்போது 30 விழுக்காடு முன்பணம், மிச்சம் சரக்கு கிடங்குக்கு வந்ததும் என்பது பேச்சு. ஆனால் எங்களைப் போல வணிகர்களுக்காகச் சரக்கு வாங்கும் பழகிய முகமைகளுக்குக் கடைக்காரர்கள் ஒரு மாதம், இரண்டு மாதம் என்று கடன் கொடுப்பார்கள். ஒரு முகமையின் முதலாளி இரவோடு இரவாக நாட்டைவிட்டுப் போனால், நூறு கடைகளின் பணம் போகும். 2011 இறுதியில் அப்படி ஒரு முதலாளி மறைந்தபோது, அவருடைய நிறுவனத்தோடு தொடர்புடைய இந்தியர்கள் இருவரைக் கடன் கொடுத்தவர்கள் பிடித்து வைத்துக்கொண்டார்கள்; 2012 ஜனவரியில் இந்தியத் தூதரகம், யிவூவில் வணிகம் செய்வதைத் தவிர்க்கும்படி இந்தியர்களை எச்சரிக்கும் அளவுக்கு அது பெரிதானது. அந்த இருவர் பட்டது கொடுமை. அதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது. அதே சமயம், பணத்தை இழந்த கடைக்காரர்களில் பலர் நம் பாரிமுனைச் சிறுகடைக்காரர்களைப் போல ஒரு பருவத்து வரவை நம்பி வீட்டுக் கடன் கட்டுபவர்கள் என்பதும் உண்மை. 2013இல் வெளிநாட்டவர் தொடர்பான தகராறுகளுக்கென்று ஒரு மக்கள் சமரசக் குழு இங்கே அமைக்கப்பட்டது. அதில் பல நாடுகளைச் சேர்ந்த, இங்கேயே நெடுநாள் வாழும் வெளிநாட்டு வணிகர்களும் சமரசம் செய்பவர்களாக உட்காருகிறார்கள். தகராறு செய்பவரின் மொழியும் வணிக வழக்கமும் தெரிந்த ஒருவர் எதிரே இருப்பதால் பாதிச் சூடு அங்கேயே தணிந்துவிடுகிறது. வெளிநாட்டவரை விருந்தாளியாக மட்டும் வைக்காமல், ஊர்ப் பஞ்சாயத்தில் ஒரு நாற்காலியும் கொடுத்த இந்த ஏற்பாடு, நான் இங்கே பார்த்தவற்றில் மிகவும் மதிக்கும் ஒன்று.

எங்கள் வேலையின் போக்கை யிவூவைவிடத் தில்லி தீர்மானித்த ஆண்டுகளும் உண்டு. பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020 பிப்ரவரியில் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆகவும், 2023இல் 70 ஆகவும் உயர்ந்தது. 2021 ஜனவரி முதல் தேதியிலிருந்து ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத பொம்மையை இந்தியாவில் விற்க முடியாது. முதல் பிரிவின் தரைத்தளத்தில் நம் வணிகர்கள் கூட்டமாக நின்ற பொம்மைக் கடைகளின் பக்கம் எங்கள் கால் போவதே நின்றுவிட்டது. பல ஆண்டுகள் பழகிய ஒரு கடைக்காரர், எங்கள் சரக்கில் குறை ஏதும் உண்டா என்று கேட்டபோது, குறை சரக்கில் இல்லை என்று அவருக்கு விளக்க வேண்டியிருந்தது. அவருக்கு அது வருத்தம்தான். ஆனால் ஒரு நாடு தன் குழந்தைகளின் கைக்கு வரும் பொருளுக்குத் தரம் கேட்பதை நான் தவறு என்று சொல்ல மாட்டேன்.

லைட்டர் விஷயத்தில் என் மனம் இன்னும் தெளிவாக இருக்கிறது. நான் சாத்தூர்ப் பக்கத்துக்காரன். கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் தீப்பெட்டி ஒட்டிப் பிள்ளைகளைப் படிக்க வைத்த பெண்கள் என் உறவிலேயே இருக்கிறார்கள். ஒரு லைட்டர் போகும் இடத்தில் இருபது தீப்பெட்டி குறையும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. ஒருமுறை எரித்து எறியும் பிளாஸ்டிக் லைட்டர்களைத் தடை செய்யக் கோரி 2022இல் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் ஒன்றிய நிதியமைச்சருக்குக் கடிதம் எழுதினார். 2023 ஜூனில் 20 ரூபாய்க்குக் குறைவான லைட்டர்களின் இறக்குமதி தடை செய்யப்பட்டது. அதற்கு முன்பே, லைட்டர் ஆர்டர்களை நான் கையாள மாட்டேன் என்று என் நிறுவனத்தில் சொல்லியிருந்தேன். அவர்களும் அதை ஏற்று வேறொருவரிடம் கொடுத்தார்கள். வெளிநாட்டில் வாங்கும் வேலை பார்ப்பவனுக்குச் சொந்த ஊரின் மேல் உள்ள கடமை எது என்று யோசித்தால், இப்படிச் சில இடங்களில் நிற்பதுதான் எனக்குத் தெரிந்த வழி.

தாளுக்கும் வாழ்க்கைக்கும் உள்ள இடைவெளி முழுமையாகத் தெரிந்தது பெருந்தொற்றுக் காலத்தில்தான். 2020 மார்ச் 28 முதல், செல்லுபடியாகும் வசிப்பு அனுமதி வைத்திருந்த வெளிநாட்டவர்களும் சீனாவுக்குள் வர முடியாது என்று அறிவித்தார்கள். வசந்த விழா எனப்படும் சீனப் புத்தாண்டு விடுமுறைக்கு ஊருக்குப் போன பல இந்தியக் குடும்பங்கள், இரண்டு பெட்டிகளோடு போனவர்கள் அப்படியே அங்கே நின்றுவிட்டார்கள். வேலைக்கு வரும் இந்தியர்களுக்கு மீண்டும் விசா கிடைக்க 2022 ஜூன் ஆனது. தனிமைப்படுத்தல் இல்லாமல் வர 2023 ஜனவரி 8 ஆனது. நான் ஊருக்குப் போகாமல் இங்கேயே தங்கியிருந்ததால், நண்பர் ஒருவரின் வீட்டைக் காலி செய்து கொடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. காணொளியில் அவர் மனைவி ஒவ்வோர் அலமாரியாகத் திறக்கச் சொல்லி, எதை வைப்பது, எதை யாருக்குக் கொடுப்பது என்று சொல்லிக்கொண்டே வந்தார். குத்துவிளக்கும் மகளின் பள்ளிச் சான்றிதழ்களும் கிரைண்டரும் என் வீட்டுக்கு வந்தன. மெத்தை, சைக்கிள், குளிர்காலக் கம்பளி எல்லாம் கீழ்வீட்டுத் துப்புரவுப் பணியாளர் குடும்பத்துக்குப் போயின. வீட்டுக்காரர் மூன்று மாத வாடகையை விட்டுக்கொடுத்ததோடு, முன்பணத்தையும் முழுதாக என் கையில் எண்ணிக் கொடுத்தார். நண்பர் அதன்பின் யிவூவுக்குத் திரும்பவில்லை. அவர் இப்போது திருப்பூரில் பின்னலாடைத் துணைப்பொருள் வியாபாரம் செய்கிறார்.

ஆண்டின் நடை இங்கே பண்டிகைகளைச் சுற்றித்தான், அதுவும் எல்லா நாட்டுப் பண்டிகைகளையும் சுற்றி. தீபாவளிக்கான விளக்குகளும் தோரணங்களும் கோடைக்கு முன்பே ஆர்டராகி, நிங்போ துறைமுகத்தில் கப்பல் ஏறி, சென்னை சேர ஏறத்தாழ மூன்று வாரம் பிடிக்கும். கிறிஸ்துமஸ் மரங்கள் ஜூன், ஜூலை வெயிலில் பெட்டி பெட்டியாகப் போகும். சீனர்களின் வசந்த விழாவுக்கு முன்னால் எங்களுக்குத் தூக்கம் இருக்காது. தொழிற்சாலைப் பணியாளர்கள் சொந்த மாகாணங்களுக்குக் கிளம்புவதற்குள் சரக்கை வாங்கி ஏற்றிவிட வேண்டும். பிறகு சந்தை இரண்டு வாரத்துக்கு மேல் மூடிக்கிடக்கும். அந்த நாள்களில்தான் யிவூவின் குளிர் நன்றாக உறைக்கும்; யாங்சிக்குத் தெற்கே உள்ள ஊர்களில் பொது வெப்பமூட்டும் ஏற்பாடு கிடையாது என்பதால், வீட்டுக்குள்ளும் வெளியிலும் ஒரே ஈரக் குளிர். பொங்கல் பெரும்பாலும் இந்தப் பரபரப்புக்கு நடுவில் வரும். ஆனாலும் நாங்கள் விடுவதில்லை; யிடிங் என்ற பக்கத்து ஊரில் பெரிய இரும்புச் சட்டிகளில் கரும்புச் சாறு காய்ச்சி எடுக்கும் சர்க்கரை, குளிர்காலத் தொடக்கத்தில் புதிதாகக் கிடைக்கும். பழைய இறகு வியாபாரிகள் கொண்டுபோன அதே சர்க்கரையில்தான் எங்கள் பொங்கல் இனிக்கிறது, நம் நாட்டுச்சர்க்கரைக்குச் சற்றும் குறையாத மணத்தோடு.

குடும்பத்தோடு வருபவர்களுக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். துணைவருக்குக் கிடைப்பது உடன் தங்கும் அனுமதி மட்டுமே. அதை வைத்து வேலை பார்க்க முடியாது. ஊரில் ஆசிரியராகவும் கணக்காளராகவும் இருந்த பெண்கள் இங்கே அதை விட்டுவிட்டு வருகிறார்கள். அவர்களில் பலர் சீனம் கற்று, பிள்ளைகளின் பள்ளி, மருத்துவமனை, வீட்டுக்காரர் என்று எல்லாவற்றையும் தாமே நடத்துகிறார்கள். கணவர்களுக்கு விலை பேசும் சீனம் மட்டும் தெரியும்போது, இவர்களுக்கு அண்டை வீட்டாரோடு பேசும் சீனம் தெரியும். பிள்ளைகளை உள்ளூர் அரசுப் பள்ளியில் சேர்த்தவர்கள் அவர்கள் சீனப் பிள்ளைகளைப் போலவே எழுதுவதைப் பார்த்து மகிழ்கிறார்கள். ஆனால் ஐந்தாம், ஆறாம் வகுப்பு வரும்போது, ஊர் திரும்பினால் இந்தப் பிள்ளை எந்தப் பாடத்திட்டத்தில் சேரும் என்ற கேள்வி வந்து நிற்கிறது. பெரும்பாலும் அந்தக் கட்டத்தில் தாயும் பிள்ளையும் ஊருக்குப் போக, தந்தை மட்டும் இங்கே தங்குகிறார். இந்தப் பிரிவைப் பற்றி வேலைக்கு எடுக்கும் நிறுவனங்கள் பேசுவதில்லை. வருபவர்கள்தான் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டிலிருந்து இளைஞர்கள் பலர் யிவூவில் வேலை கிடைக்குமா என்று எழுதுகிறார்கள். கிடைக்கும், தமிழும் இந்தியும் தெரிந்து, சரக்கின் தரம் பார்க்கத் தெரிந்தவர்களுக்குத் தேவை இருக்கிறது. 2025 அக்டோபரில் நேரடி விமானங்கள் மீண்டும் தொடங்கியதிலிருந்து விசாரிப்பவர்களும் கூடியிருக்கிறார்கள். ஆனால் முதலில் எம் விசாவில் வாருங்கள், இங்கே வந்ததும் வேலை அனுமதி வாங்கித் தருகிறோம் என்று எந்த முகவர் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். எம் விசா வணிகப் பயணத்துக்கானது. அதில் வந்து சம்பளத்துக்கு வேலை பார்த்தால், 2013 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் சட்டப்படி 5,000 முதல் 20,000 யுவான் வரை அபராதமும், கடுமையான நேர்வில் 5 முதல் 15 நாள் காவலும் உண்டு. அதன் பிறகு நாடு கடத்தப்படவும் கூடும். வேலை அனுமதி அறிவிப்புக் கடிதத்தை உங்கள் பெயரில் வாங்கி அனுப்பச் சொல்லுங்கள். அதில் உள்ள நிறுவனத்தின் பெயரும் உங்களுக்குச் சம்பளம் தரப்போகும் நிறுவனத்தின் பெயரும் ஒன்றுதானா என்று பாருங்கள். பிறகு உங்கள் பெயரின் எழுத்துகளையும் இடைவெளிகளையும் கடவுச்சீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, இசட் விசாவுக்கு விண்ணப்பியுங்கள்.